பாபின் மீது விழும் பழி

"சிப்காட் பக்கத்துலேயே இருக்கோம். ஒரு கம்பெனி யூனிஃபார்ம் ஆர்டர் பிடிச்சாப் போதும், மெஷின் காசு மூணே மாசத்துல வந்துடும்."

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கம் வீட்டில் எம்பிராய்டரி மெஷின் போட நினைக்கிறவர்களின் முதல் கனவு பெரும்பாலும் இதுதான். திருவள்ளூரில் காக்களூர் சிட்கோவை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கும் இதே கனவு வரும். கனவில் தப்பில்லை, கணக்கில்தான் இடிக்கிறது.

சட்டைப் பாக்கெட்டுக்கு மேலே கம்பெனிப் பெயரும் ஒரு சின்ன முத்திரையும் என்று வையுங்கள். ஏறத்தாழ 6,000 தையல். வீட்டு மெஷினை நிமிடத்துக்கு 600 தையல் வேகத்தில் ஓட்டினால் 10 நிமிடம். ஒற்றை ஊசி என்பதால் வண்ணம் மாறும் இடத்தில் எல்லாம் நின்றுவிடும். நூலை வெட்டி, அடுத்ததைக் கோத்து, மறுபடி ஓட்ட வேண்டும். ஃபிரேமில் துணியை மாட்டவும் கழற்றவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு சட்டைக்குக் கால் மணி நேரம். 200 சட்டைக்கு 50 மணி நேரம். வீட்டில் வேறு வேலையே இல்லாதவர்களுக்குக்கூட இது ஒரு வாரம். 12 தலை கொண்ட கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் அதே வேலையை அரை நாளில் முடித்துவிடும். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று அந்த மெஷின் வைத்திருப்பவர்கள் சொல்லும் ரேட்டுக்கு வீட்டு மெஷினால் ஈடுகொடுக்க முடியாது.

தைத்து முடித்த சட்டையின் பாக்கெட் மேலேயே லோகோ கேட்பவர்களும் உண்டு. போட்டுத் தரலாம். பாக்கெட்டும் சட்டையோடு சேர்ந்து தைக்கப்பட்டுவிடும், பேனாகூட உள்ளே போகாது. பாக்கெட் துணியில் முதலில் வேலையை முடித்துவிட்டுப் பிறகுதான் சட்டையில் வைத்துத் தைக்க வேண்டும். தொப்பி ஆர்டரை யோசிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தைத்த தொப்பியின் வளைந்த முன்பக்கம் வீட்டு மெஷினின் தட்டை ஃபிரேமில் ஒழுங்காக உட்காராது. அதற்கென்றே தொப்பி ஃபிரேம் மாட்டும் மெஷின்கள் தனி.

அப்படியானால் வீட்டு மெஷினுக்கு வேலை எது? பெரிய கடைக்காரர் "அஞ்சு பீஸுக்கெல்லாம் போட முடியாது" என்று திருப்பி அனுப்பும் வேலை. புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்கு யூனிஃபார்ம், குழந்தையின் பெயர் போட்ட துண்டு, ரவிக்கைக் கை, பட்டுப்பாவாடையின் ஓரம். அந்த வேலைக்கு ஊரில் ஆளில்லை என்பதுதான் வீட்டு மெஷினின் பலம்.

"உள்ளேயே 160 டிசைன் இருக்காம்!"

கடையில் முதலில் காட்டுவது இதைத்தான். வாங்கி ஒரு வருடம் ஆனவரைக் கேட்டுப் பாருங்கள், அந்த 160இல் எத்தனையைப் போட்டார் என்று. உள்ளே இருக்கும் ரோஜாவையும் பட்டாம்பூச்சியையும் நம் ரவிக்கைக்கு யாரும் கேட்பதில்லை. மயில், மாங்காய், கோயில் மணி, யானை வரிசை என்று கேட்பார்கள். அவை வெளியிலிருந்து பென்டிரைவில்தான் வரும்.

பார்க்க வேண்டியது ஃபிரேமின் அளவு. தொடக்க நிலை மெஷின்கள் பலவற்றில் 10 x 10 செ.மீ.தான் தைக்கும் பரப்பு. பெயருக்கும் லோகோவுக்கும் சின்னப் பூவுக்கும் அது போதும். ரவிக்கையின் பின்கழுத்துக்குப் போதாது. இரண்டு மூன்று தடவை ஃபிரேமை மாற்றி மாட்டி ஒட்டுப் போடலாம்தான், ஆனால் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் முதுகில் இருப்பது ஊருக்கே தெரியும். ரவிக்கை வேலையை நம்பி வாங்குகிறவர்கள் 20 x 28 செ.மீ. வரை தைக்கும் உஷா ஜனோம் மெமரி கிராஃப்ட் 450ஈ போன்ற வகைக்குப் போவது அதனால்தான். ஃபிரேமைப் பிறகு பெரிதாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெஷினின் கை எவ்வளவு தூரம் நகருமோ அதுதான் எல்லை.

"போட்டோ அனுப்பினா அப்படியே போட்டுடும்"

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மெஷின் படிக்காது. ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எந்தத் திசையில் படுக்க வேண்டும், எது முதலில் எது பின்னால் என்று ஒவ்வொரு தையலையும் யாராவது வகுத்துக் கொடுக்க வேண்டும். கடைகளில் இதைப் பஞ்சிங் என்பார்கள், அதற்குத் தனிக் கூலி. இங்க்ஸ்டிச் என்ற இலவச மென்பொருளில் நீங்களே கற்றுக்கொள்ளலாம். கைவரக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான். ஜனோமுக்கு ஜெஃப், பிரதருக்கு பிஇஎஸ், தொழிற்கூட மெஷின்களில் டிஎஸ்டி என்று கோப்பு வகையும் மாறும். உங்கள் மெஷின் எதைப் படிக்கும் என்பதைச் சொல்லிவிட்டே டிசைனை வாங்குங்கள்.

சின்ன டிசைனை மெஷின் திரையிலேயே இழுத்து இரண்டு மடங்காக்குவதும் இதே மயக்கம்தான். பல மெஷின்களில் தையலின் எண்ணிக்கை அப்படியே இருக்க, இடைவெளி மட்டும் அகலும். நடுவில் துணி பல்லிளிக்கும். சுருக்கினால் தையல் நெருங்கி ஊசி திணறும். கூட்டவோ குறைக்கவோ பத்து இருபது சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

"கால் மெஷின்ல எம்பிராய்டரி வராது"

வரும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைக் கழற்றி, கீழே துணியை நகர்த்தும் பல்லை இறக்கியோ மூடியோ விட்டு, ரிங்கில் மாட்டிய துணியைக் கையால் நகர்த்தினால் ஊசி போகும் இடமெல்லாம் கோடு. மிதிக்கும் மெஷினில் இப்படி ஓவியமே வரைந்த தலைமுறை நம் வீடுகளில் இருந்தது. வீட்டுக்கான கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினை ஜனோம் கொண்டுவந்ததே 1990இல்தான். கையும் கண்ணும் பழகியிருந்தால், பெரிய செலவில் இறங்குமுன் வீட்டு மெஷினில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

"அடியில சிக்குதுன்னா பாபின் கோளாறுதான்"

மெஷின் வாங்கிய முதல் மாதத்தில் வரும் புலம்பல்களில் இதற்குத்தான் முதலிடம். துணியைத் திருப்பினால் அடியில் நூல் காக்கைக் கூடு மாதிரி. அடியில் இருப்பது அடிநூல் சுற்றிய பாபின், அதனால் குற்றவாளியும் அதுவே என்று தீர்ப்பாகிவிடும். பாபின் கேஸின் சின்னத் திருகை ஒரு சுற்று இறுக்குவார்கள், பிறகு ஒரு சுற்று தளர்த்துவார்கள். கம்பெனியில் சரியாக வைத்து அனுப்பிய இறுக்கமும் அன்றோடு போகும்.

சிக்கிய நூலின் நிறத்தைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். கூடாகக் கிடப்பது மேல்நூல். பாபின் நூல் பெரும்பாலும் வெள்ளைதானே? அடியில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகக் கிடந்தால், மேலிருந்து சிவப்பு நூல் தடையில்லாமல் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேல்நூலைப் பிடித்து நிறுத்தும் வேலை இரண்டு டென்ஷன் தட்டுகளுடையது. ஃபுட் இறங்கியிருக்கும்போது அந்தத் தட்டுகள் இறுகி மூடியிருக்கும், தூக்கினால்தான் விரியும். அவசரத்தில் ஃபுட்டை இறக்கியபடியே நூலைக் கோத்தால், நூல் தட்டுகளுக்கு நடுவே போகாமல் மேலாக வழுக்கி நிற்கும். அப்புறம் கீழே சுழலும் கொக்கி இழுக்கிற அளவெல்லாம் வந்துகொண்டே இருக்கும்.

மேல்நூலை முழுக்க உருவிவிடுங்கள். ஃபுட்டைத் தூக்குங்கள். மேலும் கீழும் ஆடும் நூல்தூக்கிக் கொக்கி உச்சியில் நிற்கும்படி கைச்சக்கரத்தைத் திருப்பி, முதலிலிருந்து கோத்து வாருங்கள். ஊசியில் கோப்பதற்கு முன் ஒரு சோதனை: ஃபுட்டை இறக்கிவிட்டு நூலை இழுத்தால் பிடித்து நிறுத்த வேண்டும், தூக்கிவிட்டு இழுத்தால் சரசரவென்று வர வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வந்தால் நூல் தட்டுக்குள் விழவில்லை. இதைச் செய்து பார்க்காமல் பாபின் திருகில் கைவைக்க வேண்டாம்.

பின்பக்கத்தில் வெள்ளை நூல் தெரிகிறதே என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. தெரிய வேண்டும். நெருக்கமாக நிரப்பிய பட்டைத் தையலைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையும் இரண்டு ஓரங்களில் மேல்நூல் நிறமும் இருப்பதே சரியான டென்ஷன். வெள்ளை மேல்பக்கம் எட்டிப் பார்த்தால் மட்டும் மேல் டென்ஷனைக் கொஞ்சம் குறையுங்கள்.

"ஊசி ஒடியுற வரைக்கும் ஓடும்"

ஓடும்தான். ஆனால் முனை மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காது, இடிக்கும். டக் டக் என்று சத்தம் வரும், தையல் விடும், நூல் பிய்ந்து அறும். எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றிவிடுவது வழக்கம். சாதாரண ரவிக்கைத் துணிக்கு 75/11, கனத்த துணிக்கு 90/14. ஜரிகை நூலுக்கு 90/14இலேயே காது பெரிதாக உள்ள ஊசியை வாங்கி, வேகத்தைப் பாதியாக்கி, மேல் டென்ஷனையும் இறக்குங்கள். ஜரிகை அறுவதில் பெரும்பங்கு இதிலேயே தீரும்.

கால் மெஷினில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய மெஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் பக்கவாட்டில் நிற்கும், கம்ப்யூட்டர் மெஷினில் பின்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பழக்கத்தில் மாட்டினால் ஒரு தையல்கூட விழாது, "மெஷினே டூப்ளிகேட்" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். பவர் மெஷின் ஊசியைக் கொண்டுவந்து மாட்டுவதும் நடக்கிறது. அதன் அளவு வேறு. கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் சென்ட்ரல் போய், சௌகார்பேட்டையில் நூலும் ஊசியும் மொத்தமாக வாங்குகிறவர்கள், கையிலிருக்கும் ஊசியைக் காட்டியே வாங்குவது உத்தமம்.

"அடியில நியூஸ் பேப்பர் வெச்சாப் போதாதா?"

போதாது. நூறு தையலிலேயே ஊசித்துளைகள் வழியாகக் கிழிந்துவிடும். பாதி டிசைனுக்கு மேல் துணி தனியாக அல்லாடும், போதாததற்கு அச்சு மையும் ஒட்டும். எம்பிராய்டரிக்கென்று விற்கும் பேக்கிங் பேப்பரை ஃபிரேமிலேயே துணியோடு சேர்த்து மாட்ட வேண்டும். டி-ஷர்ட், பனியன் துணிக்குக் கிழித்தெடுக்கும் வகை உதவாது. வெட்டிவிட்டு மீதியை உள்ளேயே விடும் வகைதான் சரி. துணி சுருங்குவதற்கு இன்னொரு காரணம் நம் ஆர்வம்: ஃபிரேமை இறுக்கிய பிறகு நான்கு பக்கமும் துணியைப் பிடித்து இழுப்பது. இழுபட்ட துணி, ஃபிரேமை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. அதுதான் சுருக்கம். சுருக்கமில்லாமல் மாட்டி, பிறகு இறுக்கி, அத்தோடு விட்டுவிட வேண்டும்.

கரண்டும் எண்ணெயும்

கரண்ட் பில் எகிறும் என்பது வீண் பயம். இந்த மெஷின்கள் பெரும்பாலும் 100 வாட்டுக்குள் அடங்கும். எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. இஸ்திரிப் பெட்டி அதை ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும். பயப்பட வேண்டியது வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கும், பாதியில் கரண்ட் போவதற்கும்தான். விட்ட தையலிலிருந்து தொடர உங்கள் மெஷினில் வழியிருக்கிறதா என்று கடையிலேயே பிளக்கைப் பிடுங்கச் சொல்லிப் பாருங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மெஷின் அனுப்புவதாகச் சொன்னால் பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே விற்பவற்றில் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமானவை. நம் 230இல் நேராகச் சொருகினால் அன்றைக்கே கதை முடிந்தது.

கால் மெஷினுக்கு வாரம் ஒரு தடவை எண்ணெய் விட்ட கை சும்மா இருக்காது. அதிலும் தேங்காய் எண்ணெய்! அது நாளடைவில் பிசினாக இறுகும். கம்ப்யூட்டர் மெஷின்களில் கையேடு எங்கே சொல்கிறதோ அங்கே மட்டும், மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பலவற்றில் எண்ணெயே தேவையில்லை. அதைவிட முக்கியம், பாபினைக் கழற்றி அடியில் சேரும் பஞ்சைப் பிரஷ்ஷால் எடுப்பது. வாயால் ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும். உருக்கு ஆலைகள் சூழ்ந்த ஊரில் தூசிக்குக் குறைவில்லை, வேலை முடிந்ததும் மூடி வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஊசி தகட்டில் இடிக்கிறது, புது ஊசியிலும் தையல் விடுகிறது என்றால் ஊசியும் கொக்கியும் சந்திக்கும் டைமிங் நகர்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை. திருகைக் கழற்றிப் பார்க்காதீர்கள். போகும்போது மெஷினோடு கெட்டுப்போன துணியையும் கொண்டுபோங்கள், எந்த ஊசி, எந்த நூல், எந்த டிசைன் என்று ஒரு சீட்டில் எழுதி அதிலேயே குத்தி வையுங்கள். வேலை தெரிந்த மெக்கானிக் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தத் துணியின் பின்பக்கத்தைத்தான்.