தடுத்தால் வளருமா?

கேள்வி: எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருக்கின்றன. கருமுட்டை வளர டாக்டர் க்ளோமிஃபீன் மாத்திரை தந்திருக்கிறார். அது ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்தாமே! பெண்மைக்கான ஹார்மோனையே தடுத்தால் குழந்தை எப்படி உண்டாகும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பயப்படாதீர்கள், சகோதரி. இந்த மருந்து சினைப்பையை முடக்குவதில்லை; மூளையில்தான் வேலை செய்கிறது.

மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு என்று சதா கவனித்துக்கொண்டே இருக்கும். போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுவதைக் குறைத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் போய்ச் சேர வேண்டிய ஏற்பிகளை க்ளோமிஃபீன் அடைத்துக்கொள்கிறது. ‘ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது’ என்று நம்பி, ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியை முடுக்குகிறது. அது எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, முட்டை வளர்கிறது. வளரும் முட்டைப்பையே ஈஸ்ட்ரோஜனைத் தருவதால், முடிவில் அந்த ஹார்மோன் கூடவே செய்யும்!

பொதுவாக, க்ளோமிஃபீனை மாதவிலக்கு வந்த சில நாட்களில் தொடங்கி 5 நாட்கள் மட்டுமே சாப்பிடுவார்கள். லெட்ரோசோல் என்ற இன்னொரு மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே தற்காலிகமாகக் குறைத்து இதே பலனைத் தருகிறது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இன்று பெரும்பாலும் அதுவே முதல் தேர்வு.

க்ளோமிஃபீன் சிலருக்குக் கருப்பையின் உட்சுவரை மெலியச் செய்யலாம்; இரட்டைக் கருவுக்கும் வாய்ப்பு சற்று அதிகம். எனவே ஸ்கேன் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். பார்வை மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு, உடனே டாக்டரைப் பாருங்கள்.