‘போய்’ என்றால் போகிறேன்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கூடவே நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அட்டவணையும். ‘ஈர்’ என்ற ஒற்றை ஸ்பானிஷ் வினைச்சொல்லுக்கு ஒரு பக்கம் நிறையக் கட்டங்கள். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள்: “இதில் ‘ஈர்’ எங்கே?”

நியாயமான கேள்வி. ‘ஈர்’ என்றால் போதல். ஆனால் நிகழ்காலத்துக்கு வந்தால் போய், பாஸ், பா, பாமோஸ், பைஸ், பான். ஓர் இறந்தகாலத்தில் ஃபுய், ஃபுய்ஸ்தே, ஃபுவே. இன்னோர் இறந்தகாலத்தில் இபா, இபாஸ். தலைப்பில் உள்ள சொல்லுக்கும் கட்டங்களில் உள்ளவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆறு மாதம் படித்த விதிகளெல்லாம் இந்த ஒரு பக்கத்தில் கைவிட்டுவிட்டன, இதை எப்படித்தான் மனப்பாடம் செய்வது என்று கேட்கிறீர்கள்.

மனப்பாடம் செய்யவேண்டியது கொஞ்சம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கட்டங்களில் பெரும்பாலானவற்றின் பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில் தெரியும். நடுவில் ஆங்கிலத்தை உட்காரவைத்துக் கற்பதால் அது கண்ணில் படாமல் போகிறது. இதுதான் என் கட்சி.

முதலில் காதுக்கு ஒரு வேடிக்கை. ஸ்பானிஷில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘வி’ எழுத்து, ‘பஸ்’ என்னும்போது வரும் ‘ப’ போலவே ஒலிக்கும். ஆகவே ‘நான் போகிறேன்’ என்பதற்கான சொல் நம் காதில் ‘போய்’ என்றே விழும். ‘போக’, ‘போகட்டும்’ என்ற இடங்களில் வருவது ‘பாயா’. இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் அதே பாயா. ‘போன’ என்ற எச்சம் ‘இதோ’. ‘போயிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஏ இதோ’ என்பார்கள். எல்லாம் தற்செயல், இரண்டு மொழிக்கும் இதில் ரத்த சம்பந்தம் கிடையாது. இருந்தாலும் காது கொடுக்கிற சலுகையை வேண்டாம் என்பானேன்?

இனி உங்கள் சிவப்பு மைக் கேள்வி. அட்டவணையில் இருப்பது ஒரு சொல்லே கிடையாது. மூன்று லத்தீன் வினைகள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. முதலாவது ‘ஈரே’, போதல். லத்தீனில் ‘போகிறேன்’ என்பது ‘எயோ’, ‘போகிறாய்’ ‘ஈஸ்’, ‘போகிறான்’ ‘இட்’. வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும் சொற்கள். சந்தையிலும் சாலையிலும் பேசும்போது இவ்வளவு சின்னச் சொல் காதில் நிற்காது. அந்த இடத்துக்கு ‘வாதெரே’ என்ற வாட்டசாட்டமான வினை வந்து உட்கார்ந்தது. போய், பாஸ், பா எல்லாம் அதன் பிள்ளைகள். பாயாவும் அதன் பிள்ளைதான். பழைய ‘ஈரே’ இபாவிலும் எதிர்காலத்திலும் இன்னும் காலம் தள்ளுகிறது.

மூன்றாவது குடித்தனக்காரர்தான் ஆச்சரியம். ‘ஃபுய்’ என்பது உண்மையில் ‘எஸ்ஸே’, அதாவது ‘இரு’ என்ற வினையின் இறந்தகாலம். ஸ்பானிஷில் ‘இரு’ என்பதற்கான ‘செர்’ வினைக்கும் இதே ஃபுய், ஃபுய்ஸ்தே, ஃபுவேதான். ‘ஃபுவே மேதிகோ’ என்றால் அவர் மருத்துவராக இருந்தார். ‘ஃபுவே ஆல் மேதிகோ’ என்றால் மருத்துவரிடம் போனார். நடுவில் ஒரு ‘ஆல்’ நழுவினால் நோயாளி டாக்டராகிவிடுவார். ‘இரு’ எப்படிப் ‘போ’ ஆகும் என்று திகைக்கவேண்டாம். “நேற்று எங்கே ஆளைக் காணோம்?” என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? “மதுரைக்குப் போயிருந்தேன்.” போவதையும் இருப்பதையும் ஒட்டித்தானே சொல்கிறோம்! ஓரிடத்தில் இருந்தவர் அங்கே போனவராகத்தான் இருக்கவேண்டும். லத்தீன் பேசியவர்கள் அந்த நூலைப் பிடித்து நடந்திருக்கிறார்கள்.

இது ஸ்பானிஷுக்கு மட்டும் வந்த கூத்தும் இல்லை. ஆங்கிலத்தில் ‘கோ’வின் இறந்தகாலமான ‘வென்ட்’, ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையிடம் வாங்கியது. நம் ‘போ’வைப் பாருங்கள்: போகிறேன், போனேன், போவேன், போச்சு. ‘வா’ இன்னும் மோசம்: வந்தேன், வருவேன், வாருங்கள். ஏதாவது அட்டவணை பார்த்தா படித்தோம்? அடுக்களையில் தினமும் புழங்கும் பாத்திரத்தில்தான் நெளிவு இருக்கும். பரணில் கிடப்பது வாங்கினபடியே இருக்கும். வினைகளும் அப்படியே. அபூர்வமாக வரும் வினையைப் பேசுகிறவர் விதிப்படி சீராக்கிவிடுவார். போ, வா, இரு போன்றவற்றை விதி புரியும் வயதுக்கு முன்பே ஆயிரம் முறை கேட்டுவிடுவதால் அவற்றின் நெளிவு அப்படியே தங்கிவிடுகிறது.

இனிக் காலங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வாக்கியத்தைக் கட்டிவையுங்கள்.

‘போய் ஆ கொமேர்’: சாப்பிடப் போகிறேன். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கும் போகவில்லை. இனிமேல் சாப்பிடுவேன் என்று பொருள். இரண்டு மொழியும் ‘போ’வை வைத்தே எதிர்காலத்தைச் சொல்கின்றன. உங்கள் அலுவலகத்தின் மெக்சிகோக் கிளை ஆட்களோடு பேசும்போது உங்களுக்குத் தேவைப்படும் எதிர்காலத்தில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது எல்லோரும் தடுக்கி விழும் இடம்: ஃபுய்யா, இபாவா? இரண்டும் இறந்தகாலம். ‘ஆயேர் ஃபுய் ஆல் மெர்காதோ’: நேற்றுச் சந்தைக்குப் போனேன். போனது, முடிந்தது. ‘ஈபாமோஸ் ஆல் ரீயோ’ என்பதை எப்படிச் சொல்வீர்கள்? “சின்ன வயசில் தினமும் ஆத்துக்குப் போவோம்.” கவனித்தீர்களா? நடந்து முடிந்த பழக்கத்தைச் சொல்ல நாம் ‘போனோம்’ என்பதில்லை. எதிர்காலத்துக்கு உரிய ‘போவோம்’ வந்து நிற்கிறது. தமிழனுக்கு வழுக்கல் இங்கேதான். ‘போவோம்’ என்று மனம் சொன்னவுடன் வாய் ‘இரேமோஸ்’ என்ற எதிர்காலத்துக்கு ஓடும். ஓடவிடாதீர்கள். வாக்கியத்தின் முன்னால் ‘அப்போதெல்லாம்’ என்று வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இபா. ‘நேற்று’ ஒட்டினால் ஃபுய். ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்பதும் இபாவின் கணக்கில்தான் சேரும். ‘இபா ஆ யமார்தே’ என்றால், “உன்னைக் கூப்பிடத்தான் இருந்தேன், அதற்குள் நீயே பேசிவிட்டாய்.” ஆரம்பமும் முடிவும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த காலமெல்லாம் இபா.

‘ஏ இதோ’வுக்கு விளக்கமே வேண்டாம். “செவில்லாவுக்குப் போயிருக்கிறாயா?” என்று கேட்கும் அதே ‘போயிருக்கிறாய்’. ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாட்ரிடில் இன்று காலை போனதற்கும் ‘ஏ இதோ’ என்பார்கள். மெக்சிகோவில் பெரும்பாலும் ‘ஃபுய்’ என்று முடித்துவிடுவார்கள்.

எதிர்காலம் இரே, இராஸ், இரா. இதைப் பார்த்தும் பயந்திருக்கிறீர்கள், வீண் பயம். ‘ஈர்’ முழுசாக இருக்கிறது, வாலில் ‘உடைத்தாயிரு’ என்ற பொருள் கொண்ட துணைவினையின் ஏ, ஆஸ், ஆ ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். 1492இல் அந்தோனியோ தே நெப்ரிஹா சாலமான்காவில் அச்சிட்ட காஸ்தீலிய இலக்கண நூலிலேயே இந்த ஒட்டுவேலை சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் தேடிய ‘ஈர்’ இங்கேதான் ஒளிந்திருந்தது.

அதன் தங்கை ‘இரீயா’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘சி புயேதோ, இரே’: முடிந்தால் போவேன். போனாலும் போவார். ‘சி புதியேரா, இரீயா’ என்றால் போகமாட்டார் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். “முடிஞ்சா போகமாட்டேனா?” என்று நாம் இழுக்கும் அந்த இழுப்பை ஸ்பானிஷ்காரர் வினையிலேயே வைத்துவிடுகிறார்.

கடைசியாகப் பாயா. உங்கள் அட்டவணை இதற்கு ஏதோ பெரிய பெயர் சூட்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த கணக்கு எளியது: கண்ணால் பார்த்ததுக்கு ‘பா’, மனசில் மட்டும் இருப்பதற்குப் ‘பாயா’. ‘செ கே பா’: அவன் போகிறான் என்று தெரியும். ‘நோ கிரேயோ கே பாயா’: போவான் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘கியேரோ கே பாயாஸ்’: நீ போகவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நம்பாதது, ஆசைப்படுவது, வாழ்த்துவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நம் ‘போகட்டும்’ கிட்டத்தட்ட இந்தத் தெருவில்தான் குடியிருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. ஆசிரியை ‘பென்’, அதாவது ‘வா’ என்று கூப்பிட்டாராம். நீங்கள் ‘பெங்கோ’, ‘வருகிறேன்’ என்று பதில் சொன்னீர்களாம். வகுப்பே சிரித்ததாம். இலக்கணம் சரியாகத்தானே இருந்தது என்று வருந்தியிருக்கிறீர்கள்.

வடிவம் சரிதான், திசைதான் தப்பு. ஸ்பானிஷில் ‘வருதல்’ என்பது பேசுகிறவன் இப்போது நிற்கும் இடத்தை நோக்கி மட்டுமே. நீங்கள் உங்கள் இடத்தை விட்டு ஆசிரியையிடம் நகர்கிறீர்கள் என்றால் அது போவதுதான். ஆகவே பதில் ‘யா போய்’, “இதோ போகிறேன்.” நமக்கு இது காதில் இடிக்கும். கூப்பிட்டவரிடமே ‘போகிறேன்’ என்பதா? அந்த உறுத்தல் நமக்கு இரண்டாயிரம் ஆண்டு வழக்கம் தந்தது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்துவைத்திருக்கிறது. என்னிடம் வந்தாலும் வருகை, உன்னிடம் வந்தாலும் வருகை. அவனிடம் போனால்தான் செலவு. கேட்கிறவரையும் நம் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிற மொழி இது. ஸ்பானிஷ் தான் நிற்கும் இடத்தில் கோலை நட்டு அங்கிருந்து அளக்கிறது. வகுப்பில் நீங்கள் செய்தது தொல்காப்பியருக்குப் பழுதில்லாத பிழை.

சரி, மனப்பாடத்துக்கு வருகிறேன். ‘பைஸ்’ போன்ற வடிவங்கள் ஸ்பெயினில் நண்பர்கள் பலரைப் பார்த்துப் பேசும் ‘நீங்கள்’. மெக்சிகோவில் யாரும் சொல்வதில்லை, அந்தக் கட்டங்களை அடித்துவிடுங்கள். மேலாளரை மரியாதையாக ‘உஸ்தேத்’ என்று அழைக்கும்போது ‘பா’ போதும். ‘உஸ்தேத்’ என்பது ‘தங்கள் தயவு’ என்ற பொருளில் இருந்த பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்த சொல். அதனால்தான் படர்க்கை வினை. மிச்சம் நான்கு வேர்கள்: போய்-பா, ஃபுய்-ஃபுவே, இபா, பாயா. ‘நான்’ என்பதற்கும் ‘அவன்’ என்பதற்கும் இபா ஒன்றுதான், பாயாவும் ஒன்றுதான். ‘ஃபுவேரோன்’ என்பதில் ‘ரோன்’ என்ற வாலை வெட்டி ‘ரா’ ஒட்டினால் ‘போனால்’ என்பதற்கான ‘ஃபுவேரா’ கிடைத்துவிடும். எதிர்காலம் விதிப்படி. இரவு பாத்திரம் கழுவும்போது ஒரு வேருக்கு ஒரு வாக்கியம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் அட்டவணை தேவைப்படாது.

மெக்சிகோவில் கடைக்காரர்கூட விடைகொடுக்கும்போது ‘கே லே பாயா பியென்’ என்பார். எல்லாம் உங்களுக்கு நல்லபடியாகப் போகட்டும் என்று அர்த்தம். உள்ளே பாயா இருப்பதைப் பாருங்கள். நடக்காதது, நடக்கவேண்டும் என்று மனசில் இருப்பது. அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்பானிஷ் முறைப்படி இந்த இடத்தில் நான் ‘மே போய்’, கிளம்பிப் போகிறேன் என்று எழுதவேண்டும். எத்தனை வருஷம் படித்தும் அதற்கு மட்டும் கை எழமாட்டேன் என்கிறது. அடுத்த கடிதத்தில் உங்கள் வாக்கியங்களை அனுப்புங்கள்.

வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்