திறக்காத பக்கத்துக்குக் காரணம் கேளுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

மயிலாப்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. "வெளியூரில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேசுகிறேன், கச்சேரி கேட்கிறேன், கரன்ட் பில் கட்டுகிறேன். யாரையும் திட்டி ஒரு வரி எழுதியதில்லை. தொலைத்தொடர்புச் சட்டம், ஒளிபரப்பு மசோதா என்று நீங்கள் எழுதுவதெல்லாம் எனக்கு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் மனத்தில் இருக்கும் கேள்வி இது. அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 4-ஐ நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் மழையில் மின்சாரம் போனது, செல்போன் சிக்னலும் போனது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்கள் படகு கேட்கக்கூட வழியில்லாமல் மாடியில் நின்றார்கள். அடையாறிலும் தி.நகரிலும் இருந்த உறவினர்கள் விடிய விடிய ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்கள். போனில் பணம் கட்டிப் பழகியவர்களிடம் பால் பாக்கெட் வாங்கச் சில்லறை இல்லை. இணைப்பு இல்லாவிட்டால் ஊர் என்ன பாடுபடும் என்பதைச் சென்னை அந்த நாட்களில் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

அதிலிருந்து இரண்டு வாரத்தில், டிசம்பர் 18 அன்று, தொலைத்தொடர்பு மசோதா மக்களவைக்கு வந்தது. 20-ம் தேதி அங்கே நிறைவேறியது, 21-ம் தேதி மாநிலங்களவையில் நிறைவேறியது. அப்போது இரு அவைகளிலும் சேர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140 பேருக்கு மேல் இடைநீக்கத்தில் இருந்தார்கள். 24-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம், ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது.

அதில் உங்களைத் தொடும் பகுதிகள் உண்டு. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்று சொல்லி, ஒரு பகுதிக்குத் தொலைத்தொடர்புச் சேவையையே அரசு நிறுத்தி வைக்கலாம். செய்திகளை இடைமறிக்கலாம். அரசு அறிவிக்கும் சேவைகளுக்குக் கைரேகை போன்ற உடல் அடையாளத்தைக் கொடுத்துத்தான் இணைப்பு வாங்க முடியும். புயல் செய்ததை ஓர் அதிகாரியின் கையெழுத்தும் செய்யலாம் என்பதுதான் இதன் பொருள்.

இது நடக்காத கதையல்ல. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் துண்டிக்கப்பட்டது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். எந்த மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற செய்திகளும் வதந்தியோடு சேர்ந்தே நின்றுபோயின. அந்த மாவட்டங்களில் தவறாக ஒரு வரியும் எழுதாத லட்சக்கணக்கானவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய இணைப்பும்தான் போனது.

2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வரம்பு போட்டது. இணையத்தை முடிவில்லாமல் நிறுத்தி வைக்கக் கூடாது, நிறுத்தும் ஆணையை வெளியிட வேண்டும் என்றது. 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளும் ஓர் ஆணை 15 நாளுக்கு மேல் நீளக் கூடாது என்கின்றன. ஆனால் அந்த ஆணை சரிதானா என்று பார்க்கும் மாநிலக் குழுவுக்குத் தலைவர் தலைமைச் செயலாளர், உறுப்பினர்கள் அரசுச் செயலாளர்கள். ஆணையிட்ட அரசின் அதிகாரிகளே அதைச் சரிபார்க்கிறார்கள். ஒரு நீதிபதிக்கோ, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினருக்கோ அங்கே இடமில்லை.

இணையம் முழுவதையும் நிறுத்தாமல் ஒரே ஒரு பத்திரிகையை மட்டும் முடக்குவதும் உண்டு. அதற்கு நம் ஊர்க் கதை ஒன்று. 1987-ல் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக, ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. உங்கள் தலைமுறைக்கு அது நன்றாக நினைவிருக்கும். தண்டித்தது யார், எதற்காக என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் ஊர் கொதித்தது. ஓரிரு நாளில் அவர் வெளியே வந்தார். பின்னாளில் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

2025 பிப்ரவரி 15 அன்று மாலை அதே விகடனின் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. விகடன் பிளஸ் இணைய இதழில் பிரதமரைப் பற்றி வந்த ஒரு கார்ட்டூன்தான் காரணம் என்று பேச்சு. முடக்கியது யார் என்று அப்போது எந்த அறிவிப்பும் இல்லை. விகடனிடம் அரசுக் குழு விளக்கம் கேட்கும் கூட்டம் 17-ம் தேதிதான் நடந்தது. தண்டனை முதலில் வந்தது, விசாரணை பிறகு வந்தது. ஒரு கார்ட்டூனுக்காகச் சமையல் குறிப்பு, விவசாயக் கட்டுரை, பழைய பேட்டிகள் என்று மொத்தத் தளமும் மூடப்பட்டது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூன் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகே வழி பிறந்தது.

இப்படி முடக்க உதவுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய உதவிய 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தந்தது. அதே தீர்ப்பு 69ஏ பிரிவை நிற்க விட்டது. ஆணைக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக முடியும் என்பதையும் ஒரு பாதுகாப்பாக அது சுட்டிக்காட்டியது. ஆனால் 2009-ம் ஆண்டின் முடக்க விதிகளில் 16-வது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் எழுதப்பட்டிருக்கும், நீங்களும் நானும் அதைப் பார்க்க முடியாது. என் பெரிய ஆட்சேபம் இதுதான்.

அரசுக்கு அதிகாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளை வதைக்கும் படங்களை உடனே எடுக்கத்தான் வேண்டும். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி முதியவர்களின் சேமிப்பைச் சுருட்டும் கும்பல்களைப் பிடிக்கத்தான் வேண்டும். அதற்குத் தரும் அதிகாரத்தோடு மூன்று நிபந்தனைகள் வேண்டும்: முன்கூட்டியே நோட்டீஸ், எல்லோரும் படிக்கக்கூடிய காரணம், அரசுக்கு வெளியே உள்ளவர் செய்யும் மறுஆய்வு.

கேட்டால் பலன் உண்டா என்பீர்கள். உண்டு. 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளை எதிர்த்து, நீங்கள் விரும்பிக் கேட்கும் கர்நாடக இசைக் கலைஞர்களில் ஒருவரான டி.எம்.கிருஷ்ணாவும் டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர் சங்கமும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று 9-வது விதியின் இரண்டு உட்பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை வந்தது. அதற்கு முன்பு 2015-ல், இணையத்தில் எல்லாத் தளங்களுக்கும் ஒரே வழி வேண்டும் என்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைப்பதை டிராய் தடை செய்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. எழுதியவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போன்ற சாதாரணப் பயனாளர்கள்.

நீங்கள் கேட்ட ஒளிபரப்பு மசோதாவின் கதையும் இதுதான். 2023 நவம்பரில் வெளியான ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவுக்கு அடுத்த வடிவம், 2024-ல் குறிப்பிட்ட சிலரிடம் மட்டும் கொடுக்கப்பட்டது. யூடியூபில் செய்தி பேசும் தனிநபரையும் அது ஒளிபரப்பு நிறுவனம் போல நடத்தும் என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்டில் அமைச்சகம் பின்வாங்கி, விரிவான ஆலோசனைக்குப் பிறகு புதிய வரைவு வரும் என்றது. சட்டமான பிறகு நீதிமன்றம் போகப் பணமும் வக்கீலும் வேண்டும். வரைவாக இருக்கும்போது ஓர் அஞ்சலட்டை போதும்.

ஆகவே அம்மா, அடுத்த வரைவு வரும்போது எழுதுங்கள். வரைவுகள் பெரும்பாலும் தமிழில் வருவதில்லை. தமிழில் வெளியிடுங்கள் என்றே முதல் வரியில் கேளுங்கள். மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளையும் அடுத்து எழுதுங்கள். ஒரு பிரதியைத் தென்சென்னை நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். உங்கள் சபா நண்பர்களையும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் தவறாக எழுதவில்லை என்பது உண்மைதான். ஆனால் படிக்கும் உரிமையும் உங்களுடையது. அதை எடுப்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்