பச்சை இகுவானா வளர்க்க ஆசையா?

உள்ளங்கையில் அடங்கும் குட்டி, சில ஆண்டுகளில் வாலோடு சேர்த்து 5 அடியைத் தாண்டும். நன்றாகப் பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியவை:

● இடம்: மரமேறும் பிராணி என்பதால் கண்ணாடித் தொட்டி போதாது. ஆள் உயரக் கூண்டும் தடித்த கிளைகளும் வேண்டும்.

● வெளிச்சம்: ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது, புறஊதா-பி கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் கிடைக்காவிட்டால் வைட்டமின் டி3 குறைந்து, உடலில் கால்சியம் சேராது. தாடை வீங்கும், கால் எலும்பு வளையும். இதற்கென உள்ள தனி விளக்கு அவசியம்.

● உணவு: முழுச் சைவம். செம்பருத்தி இலை, பூ, மல்பெரி இலை தரலாம். முட்டை, இறைச்சி கூடாது.

● பாதுகாப்பு: மிரண்டால் வாலால் சாட்டைபோல் விளாசும். சால்மொனெல்லா கிருமியும் பரவலாம். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றதல்ல.

● சட்டம்: இந்தியாவில் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம்.

அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்த்தவர்கள் வெளியே விட்டவையும் சேர்ந்து பெருகியதால், 2021-இல் தடைசெய்யப்பட்ட ஊர்வனவற்றின் பட்டியலில் இகுவானா சேர்க்கப்பட்டது. வளர்க்க முடியாமல் போனாலும் தோப்பிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடாதீர்கள், வனத்துறையை அணுகுங்கள்.