பாடம் 9: வெள்ளைக் கோடு

சனிக்கிழமை காலை லண்டனில் லிட்டில் வெனிஸ் என்ற இடத்தில் துளசியின் குடும்பம் ஒரு படகில் ஏறியது. அது அப்பாவின் நண்பருடைய படகு. அகலம் இரண்டு மீற்றர்தான், நீளமோ ஒரு பஸ்ஸை விட அதிகம். அப்பப்பா சுக்கானைப் பிடித்தார்.

"மெதுவா விடுங்கோ. இஞ்ச மணிக்கு நாலு மைலுக்கு மேல போகக் கூடாது," என்றார் அப்பா.

"நாலு மைலோ? நான் நடந்தே போயிடுவன்!"

அப்பப்பாவின் ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கதையைத் துளசி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். இன்று அவர் வேறு பாடம் சொன்னார்.

"முன்பக்கம் அணியம். பின்பக்கம் கடையார். எங்க சொல்லு பாப்பம்?"

"அணியம், கடையார்," என்றாள் துளசி.

இது ரீஜன்ட் கால்வாய். 1820இல் முழுவதும் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 14 கிலோமீற்றர். அந்தக் காலத்தில் கரையில் நடந்த குதிரைகள் படகுகளைக் கயிற்றால் இழுத்தன. வழியில் ஒரு பாலத்தின் இரும்புத் தூண்களில் கயிறு உரசிய தழும்புகளை அப்பா காட்டினார். 1874இல் வெடிமருந்து ஏற்றிய படகு ஒன்று அந்தப் பாலத்தின் கீழே வெடித்தது. படகில் இருந்த மூவர் இறந்தார்கள். பாலத்தைத் திரும்பக் கட்டியபோது பழைய தூண்களையே திருப்பி நட்டார்கள். அதனால் தழும்பு இப்போது இரண்டு பக்கமும் இருக்கிறது!

கம்டனுக்கு வந்ததும் முதலாவது லொக் தெரிந்தது. கால்வாய் தேம்ஸ் ஆற்றுப் பக்கம் போகப் போக 26 மீற்றர் கீழே இறங்குகிறது. படகு எப்படி இறங்கும்? அதற்குத்தான் 12 லொக்குகள். அவை படகுக்கான படிகள்.

லொக்கை ஒரு பெரிய கல்தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் கனமான கதவுகள் இருக்கும். கீழ்க்கதவுகள் இரண்டும் வணக்கம் சொல்லக் கூப்பிய கைகள் போல, மேல் தண்ணீரை நோக்கிக் கூம்பி நிற்கும். தண்ணீர் தள்ளத் தள்ள அவை இன்னும் இறுக மூடிக்கொள்ளும். நிறைந்த தொட்டிக்குள் படகை விட்டு, மேல்கதவை மூட வேண்டும். பிறகு கீழ்ப்பக்கத்துச் சின்ன மடைகளைத் திறந்தால் தண்ணீர் வெளியே ஓடும். தண்ணீரோடு படகும் இறங்கும்.

அம்மாவும் அப்பாவும் மடைகளைத் திறக்கக் கரையில் இறங்கினார்கள். துளசியும் இறங்கினாள்.

"துளசி, சுவரில வெள்ளைக் கோடு தெரியுதோ? அதுக்குப் பின்னால தண்ணிக்குள்ள ஒரு கல் திட்டு இருக்கு. கடையார் அதில ஏறினா, அணியம் மட்டும் கீழ போகும். படகு கவிழ்ந்திடும். கோட்டையே பார்," என்றார் அப்பா.

மடை திறந்தது. ஒரே இரைச்சல். கரையில் நிறையப் பேர் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை கை காட்டியது. அப்பப்பாவும் திரும்பிக் கை காட்டினார். படகு மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது.

"ஃபோர்வர்ட்! ஃபோர்வர்ட்!" என்று துளசி கத்தினாள்.

"என்ன பிள்ளை?" அப்பப்பா காதில் கை வைத்தார்.

படகு கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது.

"அப்பப்பா, முன்னுக்கு எடுங்கோ! கடையார் கல்லில ஏறப்போகுது!"

எஞ்சின் உறுமியது. படகு முன்னே பாய்ந்தது. அப்பா ஓடிப்போய் மடையை மூடினார். எல்லாம் சரி என்று பார்த்த பிறகே மறுபடி திறந்தார். கொஞ்ச நேரத்தில் கடையாருக்குப் பின்னால் பாசி பிடித்த கறுப்புக் கல் தண்ணீருக்கு மேலே வந்தது.

அப்பப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கட கடலிலயும் கல் இருக்கு. ஆனா இது தண்ணி வத்தத்தான் தலையைக் காட்டுது," என்றார்.

அடுத்த லொக்கில் அப்பா மடையைத் திறக்கப் போனார்.

"பொறு தம்பி," என்று அப்பப்பா நிறுத்தினார். "கோடு பாக்கிற ஆள் எங்க?"

துளசி கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்தினாள்.

பயிற்சி

1. பேசும்போது "எடுங்கோ" என்கிறோம், எழுதும்போது "எடுங்கள்" என்கிறோம். இவற்றை எழுத்துத் தமிழில் எழுதுக: இஞ்ச, எங்கட, தெரியுதோ, போயிடுவன்.

2. விடை தருக:
அ. கீழ்க்கதவுகள் ஏன் இறுக மூடிக்கொள்கின்றன?
ஆ. பாலத்தின் தூண்களில் தழும்பு இரண்டு பக்கமும் இருப்பது ஏன்?
இ. துளசி முதலில் கத்தியது அப்பப்பாவுக்கு ஏன் விளங்கவில்லை?

3. படகைப் பற்றிய மூன்று சொற்களை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருக.