அடிக்குறிப்பில் கிடைத்த வேலி

ராய் மாக்ஸம் லண்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய நூல்களைச் செப்பனிடும் பணியில் இருந்தவர். 1995இல் சேரிங் கிராஸ் சாலையின் பழைய புத்தகக் கடை ஒன்றில், வழிப்பறிக் கொலைகாரர்களான தக்கர்களை ஒடுக்கிய வில்லியம் ஸ்லீமன் எழுதிய நினைவுக் குறிப்புகளை வாங்கினார். படித்துக்கொண்டே போனபோது ஓர் அடிக்குறிப்பில் வியப்பான செய்தி ஒன்று கண்ணில் பட்டது. உப்பு வரியைக் காக்க ஆங்கில அரசு இந்தியாவின் குறுக்கே ஒரு முள்வேலியை வளர்த்து வைத்திருந்ததாம். சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல் நீண்ட சுங்க எல்லை அது. அதன் பல பகுதிகளில் கருவேலும் இலந்தையும் களாவும் சப்பாத்திக்கள்ளியும் அடர்ந்து நின்றன. சுமார் 12,000 பேர் காவல் காத்தார்கள். 1879இல் அந்த எல்லை கைவிடப்பட்டது; வேலியை வரலாறும் மறந்துபோனது. மாக்ஸம் வரைபடங்களைத் துழாவினார், இந்தியாவுக்குத் திரும்பத் திரும்ப வந்தார், 1998இல் உத்தரப் பிரதேசத்தின் எடாவா மாவட்டத்தில் வேலியின் எச்சத்தைக் கண்டார். 2001இல் வெளியான அந்தத் தேடலின் கதை, சிறில் அலெக்ஸின் மொழிபெயர்ப்பில் ‘உப்பு வேலி’ என்று தமிழுக்கும் வந்திருக்கிறது.

அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பலவகைப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் விற்பனைப் பட்டியலையோ நண்பர்களின் பரிந்துரையையோ நம்புகிறார்கள். இரண்டும் நல்லவைதான். ஆனால் எல்லோரும் படிப்பதையே அவை நம் கையிலும் கொண்டுவந்து கொடுக்கும். கையிலிருக்கும் புத்தகம் காட்டும் வழி வேறு. அடிக்குறிப்பு, நன்றியுரை, துணைநூல் பட்டியல், மொழிபெயர்ப்பாளர் பெயர், பதிப்பகத்தின் பிற வெளியீடுகள் என்று பலரும் புரட்டாமல் விடுகிற பக்கங்களில் அந்த வழி இருக்கிறது.

உப்பையே எடுத்துக்கொள்வோம். தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் உப்பைப் பற்றிச் சில பக்கங்களே உண்டு. அந்தச் சில பக்கங்கள் மூட்டிய பசிக்கு ஆ. சிவசுப்பிரமணியனின் ‘உப்பிட்டவரை’ முழுச் சாப்பாடு. தமிழ்ப் பண்பாட்டில் உப்புக்கு என்ன இடம் என்பதை ஒரு நூல் அளவுக்கு விரித்துச் சொல்கிறார். அங்கிருந்து ‘உப்பு வேலி’க்குப் போனால், 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஏன் நடந்தார்கள் என்பது வேறு வெளிச்சத்தில் தெரியும். ஒரு பிடி உப்பு ஏன் ஓர் அரசை அசைத்தது என்பதற்கான விடை அந்த வேலியில் இருக்கிறது.

பாதை அதோடு நிற்பதில்லை. மாக்ஸம் இளமையில் ஆப்பிரிக்காவில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். தேயிலையின் வரலாற்றையும் எழுதியிருக்கிறார். தேயிலை என்றதும் தமிழ் வாசகர் போக வேண்டிய இடம் ‘எரியும் பனிக்காடு’. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அது. தமிழில் தந்தவர் இரா. முருகவேள். அதைத் தழுவி எடுத்த ‘பரதேசி’ படம் வந்த பிறகு பலர் இதைத் தேடிப் படித்தார்கள். படத்தோடு நின்றுவிட்டவர்களும் உண்டு. அவர்கள் நாவலைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பிடித்துக்கொள்ளலாம். அதே முருகவேள்தான் ஜான் பெர்கின்ஸின் ‘ஒரு பொருளாதார அடியாளின் ஒப்புதல் வாக்குமூலம்’ நூலையும் மொழிபெயர்த்தவர். கடற்கரை உப்பளத்தில் தொடங்கிய வாசிப்பு மலைத் தோட்டம் ஏறி உலகக் கடன் அரசியலுக்கு வந்துவிடுகிறது. எந்தப் பரிந்துரைப் பட்டியலும் இந்த நான்கைந்து நூல்களை அடுத்தடுத்து வைத்திருக்காது. என் அனுபவத்தில், நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் தேர்வை நம்பிப் போவது விமர்சகரின் சிபாரிசைவிடப் பயன் தருகிறது. ஒரு நூலோடு மாதக்கணக்கில் உழைக்க முன்வருபவர் அதைச் சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. வங்க நாவல்களுக்கு த. நா. குமாரஸ்வாமி, ருஷ்ய நூல்களுக்கு பூ. சோமசுந்தரம் என்று பெயரைச் சொல்லித் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது வழி அலமாரி. நமக்கு வேண்டிய நூல் எதுவென்று தெரிந்தால் கணினியில் தேடி எடுத்துவிடலாம். தெரியாத நூலைக் கண்டடைய அலமாரி முன்னால் நின்றாக வேண்டும். அப்படி நின்று தேடும் வசதியின் பின்னால் சீர்காழியில் பிறந்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது. கணித ஆசிரியராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில், துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான பொம்மைகள் செய்யும் மெக்கானோ பெட்டியைப் பார்த்தார். நூல்களின் பொருளையும் இப்படிக் கூறு கூறாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறையின் தொடக்கம் அதுதான். வாசகர் தாமே அலமாரிக்குள் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவரும் அவர். ஆகவே நூலகத்தில் தேடிய நூல் கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். அதன் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து நூல்களின் உள்ளடக்கத்தையாவது பாருங்கள். நான் பெரிதும் விரும்பிய நூல்களில் பல, வேறொன்றைத் தேடப்போன இடத்தில் கிடைத்தவை.

அலமாரியை நேரில் பார்க்க முடியாத ஊரில் இருப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998 பொங்கலன்று இணையத்தில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் கிடைக்கும். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளம் உண்டு. இவற்றோடு, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளிக்கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு தொகுதியைத் திறந்து, கண்ணில் படும் தலைப்பிலிருந்து தொடங்கலாம். செய்திகள் பழையனவாக இருக்கும். கேள்வி கேட்கும் ஆவலைத் தூண்டும் வேலையை அவை இன்றும் செய்கின்றன.

எது பின்னாளில் மதிப்புப் பெறும் என்று முன்கூட்டித் தீர்மானிக்காதவரே நல்ல சேகரிப்பாளர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடும் இதழ்களோடும் நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது அந்தத் திரட்டு ஏறத்தாழ ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே இருக்கச் செய்தது. இன்று தமிழ்ச் சமூக வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த ஆராய்ச்சி நூலகத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. வாசகருக்கும் இதில் பாடம் உண்டு. சமையல், சித்த மருத்துவம், ரயில்வே கையேடு, ஊர் வரலாறு என்று எதையும் இலக்கியம் இல்லை என்று ஒதுக்காமல் புரட்டிப் பார்க்கலாம்.

பதிப்பகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை நூல்கள் பல இன்னும் துணைநூல் பட்டியலும் பொருளடைவும் இல்லாமலே வருகின்றன. காகிதச் செலவைப் பார்த்து அந்தப் பத்துப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். வாசகர்களும் புத்தகக் காட்சியில் ஒரு நூலைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். பட்டியல் இல்லையென்றால் ஏன் இல்லை என்று அரங்கில் இருப்பவரிடம் கேளுங்கள்.