மீட்டிங்குக்கு வந்தவர் ஸ்பேனரை எடுக்கலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் பெருவாயல் பக்கத்திலும் புது லைன் போடும்போதெல்லாம் ஜப்பான், கொரியா, சீனாவிலிருந்து இன்ஜினியர்கள் வந்து இறங்குகிறார்கள். பெருவாயலில் ஏ.சி., கம்ப்ரசர் ஆலை அமைக்க மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம் 2023 மே மாதம் தமிழக அரசுடன் போட்ட ஒப்பந்தம் மட்டுமே 1,891 கோடி ரூபாய்க்கு. இன்னொரு பக்கம், திருவள்ளூர் மாவட்டத்து ஐ.டி.ஐ. பிள்ளைகள் வெல்டராகவும் ஃபிட்டராகவும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் கிளம்புகிறார்கள். வருகிறவர்களை அழைக்கும் அலுவலகத்திலும் போகிறவர்களின் வீட்டிலும் விசாவைப் பற்றிச் சில தவறான நம்பிக்கைகள் உறுதியாக உட்கார்ந்திருக்கின்றன.

"சம்பளம் அவங்க ஊர்லயே வருது. அப்புறம் எதுக்கு வேலை விசா?"

எச்.ஆர். துறையில் இருப்பவர்களே சொல்லும் வாதம் இது. பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்விதான். ஆனால் வந்தவர் இங்கே என்ன செய்கிறார் என்பதைத்தான் அதிகாரி முதலில் பார்ப்பார். பேச்சுவார்த்தை, கொள்முதல், ஆலையைச் சுற்றிப் பார்ப்பது இவற்றுக்கு வணிக விசா போதும். இயந்திரத்தைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது வேறு கணக்கு. 2009இல் இதே குழப்பத்தால்தான் மின் நிலையத் திட்டங்களில் வணிக விசாவில் வேலை செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களை, அக்டோபர் 31க்குள் நாடு திரும்பி உரிய விசாவில் வாருங்கள் என்று மத்திய உள்துறை அமைச்சகம் சொன்னது. பல இடங்களில் வேலை தடுமாறியது. இப்போது 2025 நவம்பரில் உற்பத்தி முதலீட்டுக்கென்றே மின்னணு வணிக விசாவில் தனிப்பிரிவு வந்திருக்கிறது. இயந்திரம் நிறுவுதல், தரச் சோதனை, பயிற்சி போன்றவற்றுக்கு ஆள் அழைக்கும் நிறுவனம் தேசிய ஒற்றைச் சாளர இணையதளத்தில் அழைப்புக் கடிதத்தை உருவாக்கிக்கொள்ளலாம். நல்ல மாற்றம். வழி எளிதான பிறகும் சாதாரண வணிக விசாவில் ஆளை அழைத்துவந்து லைனில் நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஹூண்டாயும் எல்.ஜி.யும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலையில் 475 பேரைக் குடியேற்றத் துறையினர் பிடித்தார்கள். அவர்களில் 300க்கு மேற்பட்டவர்கள் கொரியர்கள். பலர் குறுகிய காலப் பயண அனுமதியிலோ பி-1 வணிக விசாவிலோ வந்தவர்கள். வெளிநாட்டில் வாங்கிய இயந்திரத்தை, விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், விற்றவரின் ஆட்கள் வந்து பொருத்தித் தர அமெரிக்க பி-1 இடம் தருகிறது. கட்டுமான வேலைக்கு இடம் தருவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமலோ, தெரிந்தும் அவசரத்தாலோ ஆட்களை அனுப்பியவை நிறுவனங்கள். சங்கிலி போட்டு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் தொழிலாளர்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்க்கு உதிரிபாகம் செய்யும் நம் பக்கத்துக் கம்பெனிகள் நாளை தங்கள் டெக்னீஷியனை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தின் நகலை அவர் பையில் வைத்து அனுப்ப வேண்டும்.

"பத்து நாள் வேலைதானே?"

நாள் கணக்கு வருமான வரிக்குப் பயன்படும் கணக்கு. அதை விசாவுக்கு நீட்டிக்கொள்கிறார்கள். அனுமதி இல்லாத வேலையை ஒரு நாள் செய்தாலும் விசா நிபந்தனை மீறல்தான். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி, இதற்கு 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்ற விதி ஹோட்டல்களுக்கு மட்டுமானதல்ல. கம்பெனி கெஸ்ட் ஹவுஸுக்கும், வீட்டை வாடகைக்கு விட்டவருக்கும் அது பொருந்தும். 180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. விண்ணப்பம் இணையத்திலேயே போகிறது.

"விசிட் விசாவுல போயிடு தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்."

எனக்குப் பயம் தருவது இந்த வாக்கியம்தான். நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் வீடுகளில் இதைத்தான் ஏஜென்ட் சொல்கிறார். விசிட் விசாவில் வேலை செய்வது ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றம். அனுமதியின்றி ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024இல் அபராதத்தை 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை உயர்த்திவிட்டார்கள். மாட்டிக்கொள்ளும் தொழிலாளி நாடு கடத்தப்படுவார். மலேசியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமலே போய் 30 நாள் தங்கலாம் என்று 2023 டிசம்பரில் வந்த சலுகையும் சுற்றிப் பார்க்க மட்டுமே. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துப் போகப்பட்ட தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள்.

"நான் பத்தாவது பாஸ். எனக்கு எமிக்ரேஷன் சட்டமே கிடையாது."

பத்தாவது தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை, அவ்வளவுதான். ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் கிண்டியில் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு இடத்திலும் கேளுங்கள். வேலை ஒப்பந்தமும் வேலை விசாவும் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள்.